விட்டால் நடுவுக்கு ஓடும் குச்சி

ஜாய்ஸ்டிக்கை வைத்து பஸ் ஓட்டலாமா? குமுளி மலைப்பாதையும் கம்பம் வயலும் சொல்லும் பதில்

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பையன் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதில்லை. அவன் கையிலும் ஒரு பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. போனைச் சாய்த்தால் திரும்புகிற பஸ். உத்தமபாளையத்துக்கு முன்னால் நிஜ டிரைவர் ஒரு மாட்டு வண்டிக்காக ஸ்டியரிங்கை ஒடித்தால், பையன் உடம்பு சாய்கிறது, போன் சாய்கிறது, கைக்குள் இருந்த பஸ் சாலையை விட்டு இறங்கிவிடுகிறது. அவன் டிரைவரை ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கிறான்.

அந்த விளையாட்டு இந்தோனேசியாவில் பிறந்தது. மாலியோ என்ற நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா'. அதில் பஸ்ஸின் மேல்பூச்சை நாமே மாற்றிக்கொள்ளலாம், பிறகு வண்டியையே மாற்றிக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். கேரளத்துச் சுற்றுலா பஸ்களும் தமிழ்நாட்டு அரசு பஸ்களும் தனியார் பஸ்களும் வரிசையாக உள்ளே ஏறிவிட்டன. பெயர்ப்பலகை, கண்ணாடி ஸ்டிக்கர், ஏர்ஹாரன் சத்தம் வரைக்கும் நம் ஊர். சாலையோரப் பலகைகளில் மட்டும் இந்தோனேசிய மொழி. பழகிவிட்டால் அது உறுத்துவதில்லை.

உறுத்துவது வேறு. வண்டி நம் ஊர் வண்டி, ஆனால் கையில் பிடிப்பது என்ன? போனில் மூன்று வழி இருக்கிறது. சாய்க்கலாம்; திரையில் வரைந்த ஸ்டியரிங்கைக் கட்டைவிரலால் சுற்றலாம்; இடது வலது அம்புக்குறிகளை அழுத்தலாம். அம்புக்குறி இருப்பதிலேயே மோசம். அதற்குத் தெரிந்தது இரண்டே நிலை: அழுத்தம் உண்டு, அழுத்தம் இல்லை. கால் ஸ்டியரிங், அரை ஸ்டியரிங் என்ற பேச்சே கிடையாது. ஆக்சிலேட்டரும் அப்படித்தான். பாதி மிதிப்பது என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது.

கம்ப்யூட்டருக்கு மாறுகிறவர்கள் இதிலிருந்து தப்பிக்கத்தான் மாறுகிறார்கள். செக் நாட்டு எஸ்சிஎஸ் நிறுவனத்தின் 'யூரோ டிரக் சிமுலேட்டர் 2' 2012-இல் வந்தது. இன்றுவரை ஆள் குறையவில்லை. அதற்கும் நம் ஊர் லாரி, பஸ் எல்லாம் போட்டாகிவிட்டது. பெர்லின் நகரத்து டவுன் பஸ்ஸை நட்டு போல்ட்டு மாறாமல் செய்த 'ஓம்சி' 2011-இல் வந்தது. சேற்றில் லாரியை இழுக்கும் 'ஸ்னோரன்னர்' 2020. இவற்றை ஓட்ட எது நல்லது என்று கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் ஸ்டியரிங் வீல் என்பார்கள். வீல், பெடல், கியர் செட் என்று போனால் விலை பதினாயிரங்களில். அதைத் திருகிப் பிடிக்கத் தனி மேஜை வேண்டும், கால் நீட்ட இடம் வேண்டும், வீட்டில் அம்மாவின் சம்மதம் வேண்டும். ஜாய்ஸ்டிக் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். வேலை முடிந்ததும் பீரோ மேல் தூக்கி வைத்துவிடலாம். விமான விளையாட்டுக்கென்று யாரோ வாங்கி, சலித்துப்போய், கை மாறி வருகிற ஜாய்ஸ்டிக்குகளும் உண்டு.

ஆகவே கேள்வி இது: விமானத்துக்குப் பிறந்த குச்சியையும் த்ராட்டிலையும் வைத்துத் தரையில் ஓடும் வண்டியை ஓட்டினால் சரிவருமா?

எந்த வண்டி என்று பதிலுக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்பதற்குக் கம்பம் பள்ளத்தாக்கை விட்டால் தோதான இடம் குறைவு. மலையேறும் பஸ், ஏலத்தோட்டத்துக்கு விடியற்காலையில் ஆள் ஏற்றிப்போகும் ஜீப், திராட்சைப் பந்தலுக்குள் நுழையும் சின்ன டிராக்டர், வயலில் பவர் டில்லர், அறுவடைக்கு வரும் பெல்ட் வண்டி, கிணறு வெட்டும் ஹிட்டாச்சி, போடி வரை வரும் ரயில். ஒரே மாவட்டத்துக்குள் இத்தனை வகைக் கைப்பிடி.

குச்சிக்குள் இருப்பது

கடைகளில் அதிகம் கிடைக்கும் லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோவை எடுத்துக்கொள்வோம். நடுவில் குச்சி. அதை நாலாபுறமும் சாய்க்கலாம், இடவலமாக முறுக்கவும் செய்யலாம். 12 பொத்தான்கள். அடிக்கட்டையில் ஒரு சின்ன நெம்பு, அதுதான் த்ராட்டில். பார்ப்பதற்கு ஏதோ இலவச இணைப்பு போல இருக்கும்.

குச்சிக்கும் அந்த நெம்புக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கட்டுரையின் முழு விஷயமும். குச்சிக்கு அடியில் ஸ்பிரிங். கையை எடுத்தால் நடுவுக்கு வந்துவிடும். த்ராட்டிலுக்கு ஸ்பிரிங் கிடையாது. உரசல் மட்டும்தான். எங்கே வைத்தோமோ அங்கேயே நிற்கும். விமானத்தில் இது சரி. வானத்தில் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் போகிறவருக்கு எஞ்சினைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க முடியாது. தரையில் எதைத் திரும்பி வர விடுவது, எதை நிற்க விடுவது என்பதில்தான் சிக்கல்.

இன்னொரு கணக்கும் உண்டு. விளையாட்டு வீல்கள் பல, ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 900 டிகிரி சுற்றும். பக்கத்துக்கு 450. குச்சியோ பக்கத்துக்கு ஏறத்தாழ 20 டிகிரிதான் சாயும். அப்படியென்றால் குச்சியில் 1 டிகிரி என்பது வீலில் 22 டிகிரிக்கு மேல். நிஜ பஸ்ஸில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நாலைந்து சுற்று சுற்ற வேண்டும். அங்கே கணக்கு இரட்டிப்பாகும். நேர்ச்சாலையில் 60-இல் போகும்போது மணிக்கட்டு லேசாக நடுங்கினால் போதும், வண்டி பாம்பாக நெளியும்.

இதற்கு மருந்து விளையாட்டின் அமைப்புப் பகுதியிலேயே இருக்கிறது. பெரும்பாலானோர் அந்தப் பக்கம் போவதில்லை. முதலாவது, நடுவில் கொஞ்சம் செத்த இடம் விடுவது: குச்சி அந்த எல்லைக்குள் அசைந்தால் விளையாட்டு கண்டுகொள்ளாது. பழைய ஜாய்ஸ்டிக்குகளில் உள்ளிருக்கும் மின்தடைப் பட்டை தேய்ந்து, கை படாமலே வண்டி ஒருபக்கம் இழுக்கும். அதற்கும் இதுவே வழி. காந்தத்தால் நிலையை அறியும் ஹால் சென்சார் வைத்த ஜாய்ஸ்டிக்குகளில் தேய்மானம் குறைவு. செத்த இடத்தை ரொம்பக் கூட்டிவிடக் கூடாது. கூட்டினால் சின்னத் திருத்தம் செய்யவே முடியாமல், செய்யும் திருத்தமெல்லாம் வெட்டு வெட்டாக வரும்.

இரண்டாவதும் முக்கியமானதும், நேர்விகிதத்தை வளைப்பது. குச்சி பாதி சாய்ந்தால் சக்கரம் பாதி திரும்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. பாதி சாய்த்தால் கால்பங்கு, ஐந்தில் ஒரு பங்கு சாய்த்தால் நூற்றுக்கு நாலு பங்கு, முழுதும் சாய்த்தால் முழுதும் என்று வைக்கலாம். நடுப்பகுதி மந்தமாகிவிடும், ஓரம் சுறுசுறுப்பாகிவிடும். 'யூரோ டிரக்'கில் இதற்கென்றே ஒரு தனி அளவுகோல் உண்டு. அதை வலதுபக்கம் நன்றாகத் தள்ளிவைத்தால், நெளிந்துகொண்டிருந்த லாரி நேராகப் போகும். காசு கொடுத்து வேறு ஜாய்ஸ்டிக் வாங்குவதற்கு முன் செய்து பார்க்க வேண்டியது இது.

மெட்டு ஏறும்போது

நேர்ச்சாலை இப்படிச் சரியாகிவிடும். கொண்டை ஊசி வளைவு சரியாகாது.

போடியிலிருந்து போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தை அந்தப் பாதை ஏறிக் கடக்கிறது. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும் பாதை அதைவிடச் சின்னது, ஆனால் நெரிசல் அதிகம். பெரியாற்றுத் தண்ணீரை மின்நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்களைத் தாண்டி வளைந்து வளைந்து போகும். ஐயப்ப சீசனில் கூட்டம் தாங்காமல், போவதற்குக் கம்பம்மெட்டு, திரும்புவதற்குக் குமுளி என்று ஒருவழியாக மாற்றிவிடுவார்கள். சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகும் பாதையில் வளைவுகளுக்குப் பூக்களின் பெயரே வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவருக்கு அதைப் படிக்க நேரம் இருக்காது.

எங்கள் தெருவில் இந்த மலைப்பாதைகளில் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார். ஜாய்ஸ்டிக்கை அவர் கையில் கொடுத்து, ஆல்ப்ஸ் மலைப்பக்கம் ஒரு சாலையில் பஸ்ஸை நிறுத்தி வைத்தேன். முதலில் வண்டியை எடுக்கவில்லை. குச்சியை வலதுபக்கம் சாய்த்தார். விட்டார். மறுபடி சாய்த்தார். விட்டார்.

"என்னாப்பா இது, விட்டா நடுவுக்கு ஓடிப்போயிருது?"

"உள்ள ஸ்பிரிங் இருக்குண்ணே. பிடிச்சுக்கிட்டே இருக்கணும்."

"வண்டி நிக்கும்போதுமா ஓடும்? நின்ன வண்டியில ஒடிச்சு வச்சா ஒடிச்சபடிதானப்பா நிக்கும்."

நான் யோசிக்காத இடம் அது. நிஜ வண்டியில் ஸ்டியரிங் தானாக நேராவது ஸ்பிரிங்கால் அல்ல. முன்சக்கரத்தின் திருகு அச்சைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து வைத்திருப்பார்கள். வண்டி உருளும்போது சாலை சக்கரத்தைப் பிடித்து இழுக்கும், சக்கரம் போகும் திசைக்கு நேராகப் பார்க்கும். வேகம் கூடினால் அந்த இழுப்பும் கூடும். நின்ற வண்டியில் இழுப்பே கிடையாது. வளைவு முடிந்ததும் அனுபவப்பட்ட டிரைவர் ஸ்டியரிங்கைத் திருப்பிச் சுற்றுவதில்லை. பிடியைத் தளர்த்தி உள்ளங்கைக்குள் வழுக்கி ஓட விடுவார், நேராகும் நேரம் பார்த்துப் பிடிப்பார். பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து போனவர்கள் எல்லோரும் பார்த்த காட்சிதான்.

"அப்ப திரும்பி வராத ஒண்ணுல வச்சுக் குடு," என்றார்.

வைத்துக் கொடுத்தேன். ஸ்டியரிங்கை அந்த அடிக்கட்டை நெம்புக்கு மாற்றினேன். அதற்கு ஸ்பிரிங் இல்லை. முதல் கொண்டை ஊசியில் முழுதும் ஒடித்துவைத்து, நிதானமாக வளைத்து எடுத்தார். நான் அதற்கு முன் குச்சியால் எடுத்ததை விடச் சுத்தமாக. ஆனால் வளைவு முடிந்ததும் வண்டி நேராகவில்லை. நெம்பு ஒடித்த இடத்திலேயே நின்றது. அவர் பிடியைத் தளர்த்திவிட்டுக் காத்திருந்தார். பஸ் போய்ச் சுவரில் சாய்ந்தது.

"ரெண்டும் அரைகுறையாத்தான் இருக்கு தம்பி."

அவர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எப்போதும் திரும்புகிற குச்சியும் பொய், எப்போதும் நிற்கிற நெம்பும் பொய். நின்றால் நிற்கவும், ஓடினால் திரும்பவும் தெரிந்த பொருள் ஸ்டியரிங் வீல்தான். விலை கூடின விளையாட்டு வீல்களுக்குள் மோட்டார் வைத்து, விளையாட்டு சொல்லும் வேகத்துக்கு ஏற்ப இழுக்க வைப்பது இதற்காகத்தான். மலைப்பாதை பஸ்தான் உங்கள் ஆசை என்றால் காசு சேர்த்து அதை வாங்குங்கள்.

ஜாய்ஸ்டிக்கே கதி என்பவர்களுக்கு மலையில் இன்னொரு தொல்லையும் காத்திருக்கிறது. பெரும்பாலான விளையாட்டுகள் குச்சியை முன்னால் தள்ளினால் ஆக்சிலேட்டர், பின்னால் இழுத்தால் பிரேக் என்று வைக்கச் சொல்லும். சமவெளியில் சுகமாக இருக்கும். ஏற்றத்தில் முன்னால் ஒரு லாரி நின்று, நாமும் நின்று, மறுபடி எடுக்க வேண்டும் என்றால் பிரேக்கை விடாமலே எஞ்சினைக் கூட்ட வேண்டும். ஒரே குச்சி ஒரே நேரத்தில் முன்னாலும் பின்னாலும் சாயாது. நடுவைக் கடக்கும் அந்த நொடியில் பஸ் பின்னால் உருளும். கை பிரேக்கை ஒரு பொத்தானில் வைத்துக்கொண்டு, எஞ்சின் இழுக்க ஆரம்பித்ததும் விடுவிப்பதே வழி. நிஜ டிரைவரும் ஹாஃப் கிளட்ச்சில் அதைத்தான் செய்கிறார்.

த்ராட்டிலை ஆக்சிலேட்டராக வைத்தால் வேறு வம்பு. பயந்துபோனால் மனிதன் காலை எடுப்பான். கால் பெடலில் அதுவே பாதுகாப்பு. நிற்கிற நெம்பில் கையை எடுத்தாலும் எஞ்சின் அதே உறுமலோடு ஓடும். மலை இறங்கும்போது அப்படி ஆனால், ஏறின கியரிலேயே இறங்கு என்று நம் டிரைவர்கள் காலங்காலமாகச் சொல்லும் விதியும் காப்பாற்றாது. எஞ்சினே பிரேக்காக வேண்டிய நேரத்தில் எஞ்சினே தள்ளும். அடிக்கடி பிரேக் மிதித்து ஏர் இறங்குவதை 'யூரோ டிரக்' காட்டத்தான் செய்கிறது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்ற விதி மட்டும் அங்கே எதிரே வரும் யாருக்கும் தெரிவதில்லை.

நிலவில் ஓடியது எப்படி?

குச்சியால் வண்டி ஓட்டுவது விளையாட்டுக்காரர்களின் கண்டுபிடிப்பு இல்லை. 1886-இல் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர வண்டியில் ஸ்டியரிங் வீலே கிடையாது, ஒரு கைப்பிடிதான். 1894-இல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த போட்டியில் வஷெரோன் என்பவர் தன் வண்டியில் வட்டமான சக்கரத்தை வைத்து ஓட்டினார். கொஞ்ச காலத்தில் எல்லோரும் அதற்கு மாறிவிட்டார்கள். காரணம் மேலே பார்த்த அதே டிகிரிக் கணக்கு: வேகம் கூடக்கூடச் சின்னத் திருத்தத்துக்கு நீண்ட ஓட்டம் தேவை. நூறு வருஷம் கழித்து 1992-இல் சாப் நிறுவனம் ஒரு காரில் வீலைப் பிடுங்கிவிட்டு ஜாய்ஸ்டிக் வைத்துப் பார்த்தது. 1996-இல் மெர்சிடிஸ் ஒரு மாதிரிக் காரில் பக்கத்துக்கொன்றாகக் குச்சி வைத்துக் காட்டியது. இரண்டும் கடைக்கு வரவில்லை.

வெற்றிகரமாக ஓடிய ஒன்று உண்டு. அது ஓடிய இடத்தில் சாலையே இல்லை. 1971 ஜூலை இறுதியில் அப்பல்லோ 15 நிலவில் இறங்கியபோது டேவிட் ஸ்காட் ஓட்டிய ரோவர். இரண்டு இருக்கைக்கும் நடுவில் ஆங்கில டி எழுத்து வடிவில் ஒரு கைப்பிடி. முன்னால் தள்ளினால் போகும், பக்கவாட்டில் சாய்த்தால் திரும்பும், பின்னால் இழுத்தால் பிரேக். பெடல் எதுவும் இல்லை. காற்று நிரப்பி விறைத்த கையுறையோடு விரலை மடக்குவதே கஷ்டம், பூட்ஸ் காலால் பெடலை உணர முடியாது, அதனால் முழுக் கையால் பிடிக்கிற ஒரே கைப்பிடி. சக்கரத்துக்குக் கால் குதிரைத்திறன் மோட்டார் ஒன்று. மணிக்கு 13 கிலோமீட்டருக்காகச் செய்த வண்டி. அடுத்த ஆண்டு அப்பல்லோ 17-இல் யூஜின் செர்னன் 18 வரை விரட்டினார். எதிரே ஆளில்லாத இடத்தில் 18 கிலோமீட்டர் வேகத்துக்குக் குச்சி தாராளம். விளையாட்டில் குச்சியை முன்பின் தள்ளி ஓட்டும் பையன்கள் தெரியாமலே நிலவு வண்டியின் முறையைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வயலுக்கு வந்தால்

சாலையை விட்டு இறங்கினால் கதை மாறிவிடுகிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல். அறுப்புக்கு ஆள் கிடைப்பது அருகிப்போய் வெகுகாலமாகிறது. ஈரம் காயாத வயலில் டயர் வண்டி இறங்கினால் புதைந்துவிடும், அதனால் பெல்ட் வண்டியைக் கூப்பிடுவார்கள். சேலம் மாவட்டத்து ஆத்தூர்ப் பக்கமிருந்தெல்லாம் லாரியில் ஏற்றி வரும். ரப்பர் பெல்ட்டில் ஊர்ந்துபோகும் அந்த வண்டியின் சீட்டில் ஏறிப் பாருங்கள். கூபோட்டா போன்ற வண்டிகளில் ஸ்டியரிங் வீலைத் தேட வேண்டாம், இருக்காது. வலது கைக்கு ஒரு குச்சி. இடவலம் சாய்த்தால் வண்டி திரும்பும். முன்னால் தள்ளினால் கதிர் வெட்டும் முகப்பு கீழே இறங்கும், பின்னால் இழுத்தால் மேலே தூக்கும். கையை எடுத்தால் நடுவுக்கு வந்துவிடும். இடது கைக்கு ஒரு லிவர். தள்ளினால் முன்னே, இழுத்தால் பின்னே, எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு வேகம். விட்ட இடத்தில் நிற்கும்.

வலதில் திரும்பும் குச்சி, இடதில் நிற்கும் லிவர். விமான விளையாட்டுக்காரர்கள் பெரும் காசு கொடுத்து வாங்கும் ஜோடி அப்படியே நெல் வயலில் ஓடிக்கொண்டிருக்கிறது.

வேலையைப் பார்த்தால் காரணம் விளங்கும். வயலில் அறுப்பு ஒரே சீரான வேகத்தில் நடக்க வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் உள்ளே கதிர் அடைக்கும், நெல் சிதறும். எனவே வேகம் நிற்க வேண்டிய விஷயம். திருப்பமோ வரப்பு வரும்போது மட்டும் வேண்டியது. முடிந்ததும் மறுபடி நேர். எனவே திருப்பம் திரும்பி வர வேண்டிய விஷயம். குச்சியை லேசாகச் சாய்த்தால் ஒருபக்கத்துப் பெல்ட்டுக்குப் போகும் இழுவை மட்டும் நிற்கும், வண்டி மெதுவாக வளையும். அழுத்திச் சாய்த்தால் அந்தப் பக்கம் பிரேக்கும் பிடிக்கும், நின்ற இடத்தில் சுழலும். ஓட்டுகிறவர் கண் கதிர்முனையை விட்டு விலகாது. இதற்கு வீல் வைத்தால்தான் தொந்தரவு.

சுவிட்சர்லாந்தின் ஜயண்ட்ஸ் நிறுவனம் 2008-இல் தொடங்கிய 'ஃபார்மிங் சிமுலேட்டர்' வரிசையில், 2024 நவம்பரில் வந்த பதிப்பில்தான் நெல் வந்தது, கூடவே எருமையும். ஐரோப்பியக் கோதுமையையும் சோளத்தையும் இத்தனை காலம் அறுத்தவர்களுக்கு அது புதுசு. நம் பிள்ளைகளுக்கு வீட்டு வாசல். இந்த விளையாட்டுக்கென்றே ஒருபக்கப் பலகையில் குச்சியும் பொத்தான்களும் வைத்து சேய்டெக் நிறுவனம் தனிக் கருவி செய்தது. பிறகு அது லாஜிடெக் கைக்குப் போனது. அதெல்லாம் இல்லாமல் சாதாரண ஜாய்ஸ்டிக்கையே இடதில் த்ராட்டில், வலதில் குச்சி என்று அமைத்துக்கொண்டால், மேலே சொன்ன சீட்டில் உட்கார்ந்த மாதிரிதான்.

டிராக்டர்க்காரர்களுக்கும் இது புதுசில்லை. கால் ஆக்சிலேட்டர் தனியாகவும், ஸ்டியரிங் பக்கத்தில் கை ஆக்சிலேட்டர் தனியாகவும் டிராக்டரில் இருக்கும். உழவில் கை ஆக்சிலேட்டரை ஒரு அளவில் வைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுவார்கள். பம்பு ஓட்டும்போதும் அப்படியே. ரோட்டுக்கு ஏறியதும் அதை இறக்கிவிட்டுக் காலுக்கு வந்துவிடுவார்கள். ஒரே வண்டியில், இடத்துக்கு ஏற்ப, நிற்கிறதையும் திரும்புகிறதையும் மாற்றிக்கொள்ளும் பழக்கம். விளையாட்டிலும் பொத்தான் ஒன்றை அழுத்தி இப்படி மாற்றிக்கொள்ளும் வசதியை எல்லோரும் தந்தால் நன்றாயிருக்கும்.

பவர் டில்லரைச் சொல்லாமல் விட முடியாது. இரண்டு கைப்பிடி, இரண்டுக்கும் அடியில் ஒவ்வொரு கிளட்ச். இடதை அழுத்தினால் இடது சக்கரத்துக்கு இழுவை நிற்கும், வலது தள்ள, வண்டி இடப்பக்கம் திரும்பும். சரிவில் இறங்கும்போது அப்படியே தலைகீழ். எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுவதற்குப் பதில் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கும் நேரம் அது. இடது கிளட்ச்சை அழுத்தினால் இடது சக்கரம் விடுதலையாகி வேகமாக உருளும், வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். புதிதாகப் பிடிக்கிறவர்கள் வரப்பை உடைத்துக்கொண்டு இறங்குவது இதனால்தான். இதைச் சரியாகச் செய்து காட்டும் விளையாட்டு ஒன்று வந்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்த டி-72 டாங்கியின் டிரைவருக்கும் ஸ்டியரிங் வீல் கிடையாது. பக்கத்துக்கு ஒரு லிவர். எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கத்துச் சங்கிலி மெதுவாகும். நாற்பது டன்னுக்கு மேல் எடை உள்ள டாங்கியையும் திராட்சைத் தோட்டத்து டில்லரையும் திருப்பும் யோசனை ஒன்றே. டாங்கி விளையாட்டு ஆடுகிறவர்களில் சிலர் இரண்டு ஜாய்ஸ்டிக்கைச் சேர்த்து வைத்து இப்படி ஓட்டுகிறார்கள். ஹைதராபாத்தின் ஜென் டெக்னாலஜீஸ் போன்ற நிறுவனங்கள் ராணுவத்துக்கும் டிரைவர் பயிற்சிக்கும் செய்யும் சிமுலேட்டர்களோ விளையாட்டுக் குச்சியோடு திருப்திப்படுவதில்லை. நிஜ வண்டியின் லிவர், பெடல், சீட்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து பொருத்துகிறார்கள். திரையை ஏமாற்றலாம், கையை ஏமாற்ற முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஹிட்டாச்சி பற்றி ஒரு வார்த்தை. எந்தக் கம்பெனி வண்டியானாலும் நம் ஊரில் அதற்குப் பெயர் ஹிட்டாச்சி. இரண்டு கைக்கும் இரண்டு ஜாய்ஸ்டிக். கை நீள்வது, மடங்குவது, பக்கெட், சுழற்சி ஆகிய நான்கையும் இரண்டு குச்சிக்குள் பங்கிட்டிருப்பார்கள். பங்கீட்டில் உலகில் இரண்டு பெரிய வழக்கம் உண்டு. ஒன்றில் பழகினவர் மற்றதில் உட்கார்ந்தால் தூக்க வேண்டியதை மடக்கிவிடுவார். விளையாட்டில் இந்த வேலைக்கு ஜாய்ஸ்டிக்தான். வேறு எதையும் வாங்க வேண்டாம்.

ஸ்டியரிங்கே இல்லாத வண்டி

1928-இல் வந்த போடி ரயில் பாதை, அகலப்பாதையாக்க 2010 கடைசியில் மூடப்பட்டு, தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூன் 15-ஆம் தேதியும் திரும்பி வந்தது. இடையில் பன்னிரண்டு வருஷம். அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் வளர்ந்த பிள்ளைகள் ரயிலை நேரில் பார்ப்பதற்கு முன் போனில் ஓட்டிவிட்டார்கள். சென்னையைச் சேர்ந்த ஹைப்ரோ இன்டராக்டிவ் நிறுவனத்தின் 'இந்தியன் டிரெயின் சிமுலேட்டர்' அவர்களுக்குக் கிடைத்தது. அதற்கும் முன்னே, மைக்ரோசாஃப்ட் 2001-இல் வெளியிட்ட ரயில் விளையாட்டில் இந்திய எஞ்சின்களையும் பெட்டிகளையும் செய்து சேர்த்துக்கொண்ட ரசிகர் கூட்டம் ஒன்று இருந்தது.

ரயிலுக்குத் திருப்பும் வேலை தண்டவாளத்துடையது. டிரைவருக்கு எஞ்சின் கைப்பிடியும் பிரேக்கும். நம் டீசல் எஞ்சின்களில் அந்தக் கைப்பிடிக்கு எட்டு நாட்ச். ஒவ்வொன்றிலும் கடக்கென்று விழுந்து நிற்கும். பழைய மின் எஞ்சின்களில் 32 படி. த்ராட்டில் என்று வாங்கும் நெம்பு முழுதாகப் பொருந்தும் இடம் இதுதான். நிற்க வேண்டியது நிற்கிறது, திரும்ப வேண்டியது எதுவும் இல்லை. ஒரு குறைதான்: மலிவான நெம்பில் அந்தக் கடக் இல்லை. மூன்றாவது நாட்ச்சில் இருக்கிறோமா நான்காவதிலா என்று திரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சிலர் நெம்பு ஓடும் பள்ளத்தின் ஓரம் அட்டையில் பல் வெட்டி ஒட்டிக்கொள்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே இரண்டைச் செய்து பாருங்கள். குச்சியை நடுவிலிருந்து விரல்நுனியால் மெதுவாக நகர்த்துங்கள். ஆரம்பத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு துள்ளினால் வேண்டாம். த்ராட்டிலைப் பாதியில் வைத்து மேஜையை ஒரு தட்டுத் தட்டுங்கள். அது நழுவினால் உழவுக்கும் ரயிலுக்கும் ஆகாது. வீட்டுக்கு வந்ததும் அடிக்கட்டையின் கீழே ரெட்டைப் பக்க டேப்பை ஒட்டி மேஜையோடு அமுக்கிவிடுங்கள். கொண்டை ஊசி வளைவு வந்தால் யாரும் குச்சியை மட்டும் சாய்ப்பதில்லை, கட்டையையும் சேர்த்து இழுக்கிறார்கள். அந்த டிரைவர் அண்ணன் உட்பட.